யோசனையும் வியாபாரமும்

சம்பாப் பயிர் கதிர் வாங்கும் சமயம். குடியானவன் ஒருவனுடைய வயலில் பயிர் வட்டம் வட்டமாகப் பழுத்துக் காய்கிறது. அவன் என்ன செய்கிறான்? நாலு தூரைப் பிடுங்கி ஒரு பையில் போட்டுக்கொண்டு, பக்கத்து ஊரிலுள்ள பூச்சிமருந்துக் கடைக்கு ஓடுகிறான். கடைக்காரர் அதைப் பார்க்கிறார். கூட்டம் அதிகமாயிருந்தால் பார்ப்பதும் இல்லை. இரண்டு புட்டிகளையும் ஒரு பொட்டலத்தையும் எடுத்து மேஜைமீது வைக்கிறார். கையில் பணமில்லையென்றால் பாதகமில்லை; கணக்கில் எழுதிக்கொள்கிறார். அறுவடையானதும் வட்டியோடு தீர்த்துவிடலாம். குடியானவன் புட்டிகளுடன் வீடு திரும்புகிறான். அவனுக்குக் கிடைத்தது யோசனையா, வியாபாரமா என்பதே நாம் இன்று கேட்க விரும்பும் கேள்வி.

வழக்கை நடத்துவதா, ராஜியாகப் போவதா என்று நாம் வக்கீலைக் கேட்கிறோம். முத்திரைத்தாள் விற்பவரைக் கேட்பதில்லை. வீடு கட்டுமுன் கொத்தனாரையும் இஞ்சினீயரையும் கேட்கிறோம். சிமெண்டு மூட்டை விற்பவர் சொல்லும் அளவுக்குச் சுவர் எழுப்புவதில்லை. ஆனால் தேசத்துக்குச் சோறிடும் தொழிலில் மட்டும், விற்பவரே யோசனை சொல்பவராகவும், யோசனை சொல்பவரே கடன் கொடுப்பவராகவும் இருக்கும் விபரீத ஏற்பாடு பல்லாண்டுகளாக நிலைத்து நிற்கிறது. இதை மாற்றுவதற்குச் சட்டமும் சர்க்காரும் மட்டும் போதா. விவசாய சாஸ்திரம் கற்ற வாலிபர்களும் யுவதிகளும் கிராமத்தில் குடியிருந்து, எதையும் விற்காமல், யோசனை ஒன்றையே தொழிலாகக் கொண்டு, அதற்குக் குடியானவரிடமே கூலி பெற்று வாழ முன்வர வேண்டும். விவசாய ஆலோசகர் என்பது வக்கீலையும் வைத்தியரையும் போல ஒரு தனித் தொழிலாக வேண்டும் என்பது நமது உறுதியான அபிப்பிராயம்.

இத்தொழில் இந்நாட்டுக்கு முற்றிலும் புதியதன்று. 1889ஆம் வருஷத்தில் பிரிட்டிஷ் சர்க்கார் வோல்க்கர் என்ற ரசாயன நிபுணரை இந்தியாவுக்கு அனுப்பிற்று. இங்கிலாந்தின் ராஜாங்க விவசாய சங்கத்துக்கு ஆலோசனை ரசாயனராக இருந்தவர் அவர்; அதாவது, யோசனை சொல்வதையே உத்தியோகமாகக் கொண்டவர். இந்திய விவசாயத்தைச் சீர்திருத்த வழி கூறுவதே அவருக்கு இட்ட வேலை. ஓராண்டுக்கு மேல் தேசமெங்கும் சுற்றிப் பார்த்த பிறகு, 1893இல் வெளியான தமது அறிக்கையில் அவர் கண்ட முடிவு அனுப்பியவர்களுக்கு வியப்பளித்திருக்கும். இந்தியக் குடியானவன் சராசரி ஆங்கிலக் குடியானவனுக்கு எவ்விதத்திலும் தாழ்ந்தவனல்ல, சில விஷயங்களில் அவனுக்கு மேலானவன் என்றும், பயிர் சீர்கெட்டுள்ள இடங்களில் அதற்குக் காரணம் அறியாமையன்று, தண்ணீர், எரு முதலிய வசதிகள் இல்லாமையே என்றும் அவர் எழுதினார். சாணத்தை எரிப்பது குடியானவனின் மூடத்தனம் என்று பிறர் ஏசிக்கொண்டிருந்த காலத்தில், அவனுக்கு விறகு இல்லை, ஆகையால் விறகுக்கும் தீவனத்துக்கும் காடு வளர்த்துக் கொடுங்கள் என்று யோசனை கூறியவர் அவர்.

1905இல் பூசா ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்த ஆல்பர்ட் ஹோவார்டும் இதே வழியில் சென்றவரே. சுற்றுப்புறத்துக் குடியானவர்களையும், பயிரைத் தாக்கும் பூச்சிகளையுமே தமது ஆசிரியர்களாகக் கொண்டதாக அவர் பின்னாளில் கூறினார். 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்து அவர் வகுத்த எருத் தயாரிப்பு முறை உலகெங்கும் பரவிற்று. முதலில் கண்ணைத் திறந்து பார், பிறகு காதைத் திறந்து கேள், கடைசியில் வாயைத் திற என்பதே இவ்விருவரின் வாழ்க்கை ஆலோசகருக்குக் கற்பிக்கும் முதற்பாடம். அயல்நாட்டினர் இருவர் இதை அறிந்திருக்க, நம் கல்லூரிகளில் படித்துத் தேறியவர்கள் குடியானவனுக்குப் புத்தி சொல்ல மட்டும் கற்றுக்கொண்டு வெளிவருவது வெட்கத்துக்குரியது.

நிற்க. யோசனை கூறச் சர்க்கார் இலாகாக்கள் இல்லையா என்று சிலர் கேட்கலாம். இருக்கின்றன. 1868இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய விவசாயப் பள்ளி 1906இல் கோயமுத்தூருக்கு மாறிக் கல்லூரியாய் வளர்ந்து, 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாயிற்று. தேசத்தின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் புதுச்சேரியில்தான் ஏற்பட்டது. இன்று அத்தகைய நிலையங்கள் எழுநூறுக்கு மேல் உள்ளன. அதே காலத்தில் உலக பாங்கின் உதவியுடன், கிராம ஊழியர் குறித்த நாளில் குறித்த குடியானவர்களைச் சந்திக்க வேண்டுமென்ற ஒழுங்கும் பல மாகாணங்களில் ஏற்பட்டது. உதவி நின்றதும் அந்த ஒழுங்கும் தளர்ந்தது. 2004இல் டெலிபோன் மூலம் இலவச யோசனை கூறும் ஏற்பாடு வந்தது. 2015இல் மண்வள அட்டை வந்தது. இவை யாவும் நல்ல நோக்கமுடையவை; இவற்றால் நன்மை விளையவில்லை என்று நாம் சொல்லவில்லை.

ஆயினும் டெலிபோனுக்குக் கண் இல்லை. அது இலையைப் புரட்டிப் பார்க்காது. மண்வள அட்டையோ அநேக வீடுகளில் ரேஷன் அட்டையுடன் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. அதிலுள்ள எண்களை வயலுக்கேற்ப விளக்கிச் சொல்வாரில்லை. வட்டார அதிகாரிக்கு மானியப் பட்டியல் தயாரிப்பதற்கும், விதை மூட்டைக் கணக்கு எழுதுவதற்கும், மேலிடத்துக்குப் புள்ளிவிவரம் அனுப்புவதற்குமே பொழுது சரியாகிவிடுகிறது. மத்திய சர்க்காரின் மாதிரி ஆய்வு ஸ்தாபனம் 2003இல் எடுத்த கணக்கு இந்நிலையை வெளிப்படுத்திற்று. நூறு விவசாயக் குடும்பங்களில் அறுபது குடும்பங்கள், நவீன விவசாய முறைகளைப் பற்றி எந்த வழியிலும் தகவல் பெறாதவை. சர்க்கார் விரிவாக்க ஊழியரிடம் தகவல் பெற்றவை ஏறக்குறைய ஆறு. விதை, உரம், மருந்து விற்பவரிடம் பெற்றவை பதின்மூன்று. சர்க்கார் ஊழியரைப்போல் இருமடங்குக்கு மேல் கடைக்காரரே நாட்டின் விவசாய ஆசிரியராக விளங்கினார் என்பதே இதன் பொருள்.

கடைக்காரரைத் தூஷிப்பது நமது நோக்கமன்று. பாங்கு கதவடைக்கும் நாளில் கடன் கொடுப்பவர் அவர். ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்து வைப்பவர் அவர். அவருக்கும் வாடகை உண்டு, குடும்பம் உண்டு, சரக்கு விற்றால்தான் கம்பெனியின் கமிஷன் உண்டு. குற்றம் மனிதரிடத்தில் அன்று, ஏற்பாட்டில் இருக்கிறது. புட்டி விற்றால் லாபம், விற்காவிட்டால் நஷ்டம் என்ற நிலையிலிருக்கும் ஒருவரிடம், ‘இந்தப் பயிருக்கு மருந்தே வேண்டாம்’ என்ற வார்த்தையை எதிர்பார்ப்பது நியாயமாகுமா?

அந்த வார்த்தையின் விலை என்னவென்று பார்ப்போம். முதலில் நாம் கூறிய குடியானவனுடைய பயிரைத் தாக்கியது புகையான் என்று வைத்துக்கொள்வோம். இப்பூச்சி தூரின் அடியில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இருந்து சாற்றை உறிஞ்சுவது. வயலிலுள்ள சிலந்திகளும் வேறு சில நன்மை செய்யும் பூச்சிகளும் இதைத் தின்று அடக்கி வைக்கின்றன. அவசரப்பட்டுக் கண்ட மருந்தையும் அடித்தால் சிலந்தி முதலில் சாகிறது, இலையுறைக்குள் இட்டிருக்கும் புகையானின் முட்டைகள் தப்பிப் பொரிக்கின்றன, தடுப்பாரில்லாமல் பெருகுகின்றன. யூரியாவை அள்ளிப் போட்ட வயலில் இப்பெருக்கம் இன்னும் அதிகம். தழைச்சத்தை அளவோடு பிரித்து இடுவது, எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நடுவது, பூச்சி கண்டதும் தண்ணீரை வடித்துக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுவது, தூருக்கு எத்தனை பூச்சி என்று எண்ணிப் பார்த்து, வரம்பு மீறினால் மட்டுமே தக்க மருந்தைத் தூரடியில் படும்படி தெளிப்பது என்பவையே சரியான வழி. இந்த யோசனையில் பெரும்பகுதிக்கு விற்கும் சரக்கு எதுவுமில்லை. ஆகையால்தான் இதைக் கடையில் சொல்வாரில்லை.

இந்தோனேசியா இதைப் பெருநஷ்டம் அடைந்த பிறகே கற்றது. அங்கே சர்க்கார் மானியம் கொடுத்துப் பூச்சிமருந்தைக் குடியானவர் தலையில் கட்டிற்று. புகையான் அடங்காமல் பெருகி நெற்பயிரை அழித்தது. 1986இல் நெற்பயிருக்கு 57 மருந்துகளை உபயோகிக்கலாகாதென்று அந்நாட்டு ஜனாதிபதி சுஹார்த்தோ உத்தரவிட்டார். சில ஆண்டுகளுக்குள் மானியமும் நிறுத்தப்பட்டது. 1989 முதல் வயல்வெளிப் பள்ளிகள் நடத்தி, பூச்சியில் நண்பன் எது, பகைவன் எது என்று குடியானவர்களுக்கே எண்ணிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். மருந்து குறைந்தது, விளைச்சல் குறையவில்லை.

நமது தேசத்திலோ இப்பாடத்துக்கு உயிரையே விலையாகக் கொடுத்திருக்கிறோம். 1997-98இல் வாரங்கல் ஜில்லாவில் பருத்தி பயிரிட்ட குடியானவர் பலர், அடித்த மருந்தால் புழு சாகாமல், மருந்துக் கடையில் ஏறிய கடனைத் தீர்க்கவும் வழியில்லாமல் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் ஜில்லாவில் பருத்திக்கு மருந்து தெளித்த குடியானவர்களும் கூலியாட்களும் இருபதுக்கு மேற்பட்டோர் விஷக்காற்றை உட்கொண்டு இறந்தார்கள். எந்த மருந்தை எதனுடன் கலக்கலாகாது, எந்த உயரப் பயிரில் எப்படித் தெளிக்கலாகாது என்று வயலில் நின்று சொல்ல ஒருவர் இருந்திருந்தால், அவ்வுயிர்களிற் சிலவேனும் தப்பியிருக்கும். யோசனை என்பது வெறும் பேச்சன்று. அது சோறும் உயிருமாகும்.

இனி, இந்த வேலைக்குரிய படித்தவர்கள் எங்கே? வருஷந்தோறும் விவசாயப் பட்டம் பெற்று வெளிவருவோர் அநேகர். அவர்களிற் கெட்டிக்காரர் பாங்குப் பரீட்சைக்கும் சர்க்கார் உத்தியோகப் பரீட்சைக்கும் போகின்றனர். மற்றவர் உர, மருந்துக் கம்பெனிகளின் விற்பனைப் பிரதிநிதிகளாய் மோட்டார் சைக்கிளில் கடை கடையாக ஏறி இறங்குகின்றனர். வயிற்றுப் பிழைப்புக்காகச் செய்வதை நாம் பழிப்பதற்கில்லை. 2002இல் மத்திய சர்க்கார் விவசாய கிளினிக்குகள், விவசாய வியாபார நிலையங்கள் என்ற திட்டத்தைத் தொடங்கி, பட்டதாரிகளுக்கு இலவசப் பயிற்சியும், பாங்குக் கடனும், பின்னாளில் செலவில் 36 சதவிகிதமும், பெண்கள், தாழ்த்தப்பட்டோர் முதலியவர்க்கு 44 சதவிகிதமும் மானியமும் அளிக்க ஏற்பாடு செய்தது. நல்ல எண்ணமே. ஆனால் திட்டத்தின் பெயரைக் கவனியுங்கள்: கிளினிக்கும் வியாபார நிலையமும் ஒரே கூரையின் கீழ் வைக்கப்பட்டன. யோசனைக்குக் கூலி கேட்கக் கூச்சம். சரக்குக்கு விலை கேட்கக் கூச்சமில்லை. நாளடைவில் எது எதை விழுங்கும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. 2003 முதல் விற்பனையாளருக்கே ஓராண்டு விவசாய டிப்ளமாப் பயிற்சி அளித்து வருகிறார்கள். விற்பவருக்கு அறிவு சேர்வது நன்மையே. அதனால் அவருடைய லாபம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மாறிவிடாது.

இங்கே இரண்டு ஆக்ஷேபங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். யோசனையையும் விற்பனையையும் சட்டத்தால் பிரித்துவிட்டால் போதாதா என்பது ஒன்று. பிரான்ஸ் தேசம் இதைச் செய்து பார்த்தது. 2018இல் சட்டம் இயற்றி, 2021 முதல் பூச்சிமருந்து விற்பவர் அதைப் பற்றி யோசனை கூறலாகாதென்று பிரித்தது. கூலி கொடுத்துத் தனி யோசனை பெற முன்வந்தவர் சொற்பமே. போதிய ஆலோசகர்களும் இல்லை. 2025இல் சட்டத்தைத் தளர்த்த வேண்டி வந்தது. இதிலிருந்து பிரிவினை வீண் என்று முடிவு செய்வது பிழை. ஆலோசகர் வர்க்கத்தை முதலில் உண்டாக்காமல் கடைக்காரரின் வாயை மட்டும் கட்டினால், குடியானவனுக்கு உள்ளதும் போய்விடும் என்பதே நாம் கொள்ள வேண்டிய படிப்பினை. மனிதர்கள் முன்னே, சட்டம் பின்னே.

ஏழைக் குடியானவன் யோசனைக்குப் பணம் கொடுப்பானா என்பது மற்றொன்று. 2015-16 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு குடியானவனுடைய சராசரி நிலம் முக்கால் ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. தனித்தனியே ஆலோசகரை அமர்த்திக்கொள்ள அவனால் இயலாது என்பது உண்மை. ஆனால் சேர்ந்தால் இயலும். ஐந்நூறு குடும்பங்கள் வருஷத்துக்குத் தலைக்கு 600 ரூபாய் கொடுத்தால் மூன்று லட்ச ரூபாய் சேருகிறது. மாதத்துக்கு 25,000 ரூபாய். கிராமத்தில் குடியிருக்கும் ஒரு வாலிபன் தொடங்குவதற்கு இது கௌரவமான ஊதியம். அந்த 600 ரூபாயோ, குடியானவன் வீணாக அடிக்கும் ஒரு தெளிப்பின் மருந்துக்கும் கூலிக்குமே சரியாய்ப் போகும். ஒரு போகத்தில் ஒரு தெளிப்பைத் தவிர்த்தாலே ஆலோசகர் தம் கூலியைச் சம்பாதித்துக் கொடுத்தவராகிறார். 2020இல் தொடங்கிய மத்திய சர்க்கார் திட்டத்தின்படி, உழவர் உற்பத்தியாளர் கம்பெனி ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆண்டுகளில் 18 லட்ச ரூபாய் வரை நிர்வாகச் செலவுக்கு உதவி உண்டு. அதில் ஒரு பகுதியை, உரம் விற்கும் குமாஸ்தாவுக்குப் பதிலாக, எதையும் விற்காத ஆலோசகருக்குச் செலவிடுவதைத் தடுப்பவர் யார்? அந்தக் கம்பெனிகளின் டைரக்டர்கள் குடியானவர்களே. தீர்மானம் அவர்கள் கையில் இருக்கிறது.

ஆலோசகர் பூச்சியை மட்டும் பார்ப்பவராக இருந்தாலும் போதாது. பயிர் நன்றாக விளைந்தும் குடியானவன் நஷ்டப்படுவதுண்டு. நெல்லின் ஈரம் 17 சதவிகிதத்துக்கு மேல் என்று கொள்முதல் நிலையத்து வாசலில் மூட்டை நாட்கணக்கில் காத்திருக்கிறது. இன்ஷூரன்ஸ் பிரீமியத்துக்குக் கெடு தப்பிவிடுகிறது. குத்தகைக்கு உழுபவனுக்குக் கையில் சீட்டு இல்லாததால் பாங்குக் கடனும் இல்லை, வெள்ள நிவாரணமும் இல்லை. இவற்றையெல்லாம் அறிந்து, கணக்கெழுதிக் காட்டி, மனு எழுதிக் கொடுத்து, முன்கூட்டியே எச்சரிப்பவரே கிராம ஆலோசகர் என்ற பெயருக்கு உரியவர். தஞ்சையிற் பிறந்து, லண்டனில் கணக்குப் பரிசோதகர் பட்டம் பெற்ற ஜே. சி. குமரப்பா, நல்ல வருவாயுள்ள தொழிலை விட்டுவிட்டு, காந்தியடிகளின் விருப்பப்படி குஜராத்தில் மாத்தர் தாலுகா கிராமங்களில் வீடு வீடாகச் சென்று வரவு செலவுக் கணக்கெடுத்தார். ஜனங்களின் வரவையும் செலவையும் எண்களால் நிறுத்தி, நிலவரியின் பாரத்தை அவர் வெளிப்படுத்தினார். ஊகமன்று, பிரசங்கமன்று, கணக்கே அவருடைய ஆயுதம். கடைசி நாட்களை மதுரைக்கு அருகே கல்லுப்பட்டியில் கழித்த அப்பெரியாரைவிடச் சிறந்த முன்மாதிரியை இத்தொழிலில் இறங்குவோர் தேடிப் போக வேண்டியதில்லை.

இத்தொழிலை ஏற்க விரும்பும் வாலிபர்களுக்குச் சில வார்த்தைகள். முதலில் ஒரு போகமாவது சொந்தப் பொறுப்பில், சொந்தச் செலவில் பயிர் செய்யுங்கள். நஷ்டத்தின் ருசி அறியாதவன் பிறனுக்கு யோசனை கூற அருகனல்லன். எந்தக் கம்பெனியிடமிருந்தும் கமிஷனோ, பரிசோ, சுற்றுப்பயணமோ பெறாதீர்கள்; பெறுவதில்லையென்று எழுதி வாசலில் தொங்கவிடுங்கள். சொன்ன யோசனையைத் தேதியிட்டு, காரணம் குறித்து, கையெழுத்திட்டுக் கொடுங்கள். தவறினால் ஒப்புக்கொள்ள அது சாட்சியாக நிற்கட்டும். அறியாததை அறியேன் என்று சொல்லி, கோயமுத்தூருக்கு எழுதிக் கேட்டுச் சொல்லுங்கள். உங்கள் தவறுக்கு அபராதம் செலுத்துபவன் நீங்களல்ல, அவன் என்பதை ஒருநாளும் மறவாதீர்கள். மருந்து தெளிக்கும் கூலியாளும், களையெடுக்கும் பெண்ணும் உங்கள் கட்சிக்காரர்களே. நிலமுடையவனிடம் மட்டும் பேசிவிட்டு வருபவன் பாதி ஆலோசகனே.

சர்க்காரிடம் நாம் கேட்பது அதிகமில்லை. விற்பனைத் தொடர்பற்ற ஆலோசகர்களுக்குத் தனிப் பதிவேடு ஏற்படுத்துக. கமிஷன் பெற்றவர் பெயரை அதிலிருந்து நீக்குக. அவர்கள் அனுப்பும் மண்ணையும் பயிரையும் பரிசோதனைச்சாலைகள் தாமதமின்றிப் பரிசோதித்து முடிவு கூறும்படி செய்க. மற்றதைக் கிராமங்கள் பார்த்துக்கொள்ளும்.

பொதுவாழ்வில் ஈடுபட்ட அன்பர்களுக்கும் இதில் பங்குண்டு. விலைவாசிக்காகவும் தண்ணீருக்காகவும் ஊர்வலம் நடத்தும் நாம், நம்முடைய சொந்தக் கிராமத்தில் ஐந்நூறு குடும்பங்களைக் கூட்டி உட்காரவைத்து ஒரு ஆலோசகரை அமர்த்த முயன்றதுண்டா? அந்நியர் ஆட்சி 1947இல் ஒழிந்தது. ஆனால் தன் வயலுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை விற்பவன் கையில் இருக்கும் வரை, குடியானவனுக்குச் சுயராஜ்யம் முழுமையடைந்ததாகச் சொல்ல முடியாது.

பையில் நாலு தூரைப் போட்டுக்கொண்டு அவன் அடுத்த வருஷமும் புறப்படத்தான் போகிறான். அவன் ஏறி இறங்கக் கடை வாசலைத் தவிர வேறொரு வாசலும் ஊரில் திறந்திருக்க வேண்டும். அங்கே ஒரு மேஜை, ஒரு பூதக்கண்ணாடி, ஒரு கணக்குப் புத்தகம் இருந்தால் போதும். விற்பதற்கு ஒன்றும் இருக்கலாகாது.